கல்லோடு வந்த அதிதிகள்

திதி குறித்து வருகிறவன் விருந்தினன், திதி பாராமல் வந்து நிற்கிறவன் அதிதி என்று நம் பெரியோர் அந்தச் சொல்லுக்குப் பொருள் விரிப்பார்கள். வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் உப்பு நீர் நிரப்பி, பவளங்களையும் வர்ண மீன்களையும் வளர்க்கத் தொடங்கியவர்கள் அந்தப் பொருளை ஏதோ ஓர் இரவில் பிரத்தியட்சமாக அறிந்துகொள்கிறார்கள். விளக்குகளை அணைத்து ஒரு நாழிகை சென்ற பிறகு, சிவப்புக் காகிதம் சுற்றிய கைவிளக்கோடு தொட்டியருகே போய் நின்றால், பகலெல்லாம் வெறும் கல்லாகத் தோன்றிய பாறையின் பொந்திலிருந்து, இரு விலாவிலும் வெண்மயிர்க் கற்றைகள் செறிந்த இளஞ்சிவப்புப் புழு ஒன்று சாண் நீளத்துக்கு வெளியே நீண்டு, மீன் தின்னாமல் விட்ட இறால் துணுக்கைக் கவ்விக்கொண்டு மெல்லப் பின்வாங்குகிறது. கடையில் விலை கொடுத்து வாங்கிய பட்டியலில் அதன் பெயர் இல்லை; கல்லை வாங்கினோம், கல்லோடு அது வந்தது.

கல்லினுள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் ஒருவன் உண்டு என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் தோன்ற வேண்டியதில்லை. ஆனாலும், கையகலக் கடலுக்கு அதிபதியாகத் தன்னை எண்ணிக்கொண்டிருந்த மனிதனுக்கு, தன் அனுமதியின்றி அங்கே ஒரு குடித்தனம் நடக்கிறது என்று தெரிந்ததும் முதலில் எழுவது அச்சம். அடுத்து எழுவது இடுக்கியைத் தேடும் கை. அந்தக் கைக்கும் அந்தப் புழுவுக்கும் நடுவே, 'இது யார்?' என்று கேட்டு நிற்கும் வழக்கம் ஒன்று உண்டு. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வழக்கத்தின் சரித்திரத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜீவராசிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1758இல் வெளியான தம் நூலின் பத்தாம் பதிப்பில், முதுகெலும்பும் இல்லாமல், பூச்சியினத்திலும் சேராமல் மிருதுவாக இருந்த பிராணிகளையெல்லாம் 'புழுக்கள்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்தார். மண்புழுவும் நத்தையும் நட்சத்திர மீனும் பவளமும் அந்த மூட்டைக்குள் ஒன்றாகவே கிடந்தன. எட்டு ஆண்டுகள் கழித்து, 1766இல், பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் ஹேக் நகரில் ஒரு விலங்கியல் நூலை வெளியிட்டார். இன்று மீன்தொட்டிக்காரர்கள் இரவில் கண்டு திடுக்கிடும் மயிர்ப்புழுவும், அட்லாண்டிக் கடலில் பவளத்தை மேயும் தீப்புழுவும் அந்த ஒரே நூலில்தான் முதன்முதலாக விவரிக்கப்பெற்றன. பாரிஸ் நகரத்து இயற்கைக் காட்சிசாலையில் 1793இல் பூச்சிகளுக்கும் புழுக்களுக்கும் பேராசிரியராக அமர்ந்த லமார்க்தான் லின்னேயஸின் மூட்டையை அவிழ்த்து, வளையம் வளையமாக உடல் அமைந்த புழுக்களைத் தனி வகுப்பாகப் பிரித்துவைத்தவர். ஆயினும், அந்தக் காலத்துப் பண்டிதர்களில் பெரும்பாலோர் பார்த்தவை சாராயப் புட்டியில் சுருண்டு வெளுத்துக் கிடந்த சவங்களே. உயிரோடிருக்கும் புழு எதைத் தின்கிறது, எப்பொழுது வெளிவருகிறது, பக்கத்தில் இருப்பவரோடு எப்படி நடந்துகொள்கிறது என்பவற்றைச் சவம் சொல்லாது. வீட்டுக்கு வந்தவரின் குலத்தை அறிவது ஒன்று, குணத்தை அறிவது மற்றொன்று. குணத்தை அறிய உடன் வாழ்ந்து பார்க்க வேண்டும்.

அவ்வாறு உடன் வாழ்ந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்து தேசத்து ஜான் கிரஹாம் டாலியல். கண்ணாடி ஜாடிகளில் கடல்நீரை ஊற்றி, நாள்தோறும் அந்த நீரை மாற்றி, கடற்பிராணிகளைத் தம் எடின்பரோ வீட்டில் அவர் வளர்த்தார். தட்டைப்புழுவைத் துண்டாக்கினால் துண்டுகள் செத்துப்போவதில்லை, குறைந்த அங்கத்தை மறுபடி வளர்த்துக்கொள்கின்றன என்பதை 1814இலேயே ஒரு நூலாக எழுதினார். மணலையும் சிப்பித் துகளையும் பொறுக்கிக் குழாய் வீடு கட்டும் புழுக்கள் ஒவ்வொரு துகளையும் எப்படி எடுத்து ஒட்டுகின்றன என்பதையும் பொறுமையாகக் கவனித்தார். 1828இல் அவர் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த ஒரு கடற்சாமந்தி, 1851இல் அவர் காலமான பிறகும் நண்பர்களின் கைமாறிக் கைமாறி வாழ்ந்து, 'பாட்டி' என்று செல்லப்பெயரும் பெற்று, 1887இல்தான் மடிந்தது. வளர்த்தவர் மறைந்த பிறகும் வளர்க்கப்பட்டது முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்ததென்றால், தினந்தோறும் நீர் மாற்றும் அந்த எளிய உபாயத்தின் சிரத்தையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நீரை மாற்றாமலே கடலை வீட்டில் வைத்திருக்கும் வித்தையை நோக்கி முதலடி வைத்தவர்களில் ஒருவர் ஒரு பாதிரியாரின் மனைவி. ஆன் தைன் என்ற அப்பெண்மணி 1846இல் டார்க்கி என்னும் கடற்கரையூரில் கற்பவளங்களைக் கண்டு ஆசைப்பட்டு, அவற்றைக் கடற்பஞ்சு ஒன்றில் ஊசிநூலால் தைத்து, லண்டனுக்கு எடுத்துச் சென்றார். அங்கே கடல்நீருக்குப் பஞ்சம். ஆகவே இருந்த நீரையே சன்னலோரத்தில் நின்று, நம்மூரில் காப்பி ஆற்றுவதைப்போல, ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு நாள்தோறும் அரைமணிக்குக் குறையாமல் பணிப்பெண் ஆற்றிக்கொண்டிருந்தாள். மறு வருஷம் உயிருள்ள கடற்பாசி ஒட்டிய கற்களை வரவழைத்துத் தொட்டியில் இட்டார். பாசியோடும் கல்லோடும் பல சிற்றுயிர்களும் வந்து சேர்ந்தன. அவருடைய பவளங்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் லண்டன் வீட்டில் வாழ்ந்தன. இன்றைக்கு 'லைவ் ராக்' என்று வியாபாரிகள் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கும் உயிர்க்கல்லின் பூர்விகத்தை விசாரித்தால், அந்தக் கற்களிலேதான் போய் முடியும்.

அதே நகரில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் நன்னீர்த் தொட்டி ஒன்றில் தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் வளர்த்து, பிராணியும் தாவரமும் ஒன்றின் சுவாசத்தால் மற்றொன்று பிழைக்கின்றன என்று 1850இல் அறிவித்தார். அவருடைய பரிசோதனையில் ஒரு சிறு சங்கடம் நேர்ந்தது. உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கெட்டது. குளத்து நத்தைகளை விட்ட பிறகே, அவை அழுகலைத் தின்று தீர்த்து, தொட்டி தெளிந்தது. உண்பவனும் உண்ணப்படுபவனும் மட்டும் இருந்தால் ஒரு வீடு நடவாது, எச்சிலை எடுப்பவன் ஒருவனும் வேண்டும் என்னும் உண்மை அன்று கண்ணாடிக்குள் நிரூபணமாயிற்று. அந்த உத்தியோகத்தை நன்னீரில் நத்தை பார்த்தது. உப்புநீரில் அதைப் புழுக்கள் பார்த்துவந்தன என்பதை உலகம் ஒப்புக்கொள்ள வெகு காலம் ஆயிற்று.

1845இல் இங்கிலாந்தில் கண்ணாடிமீதிருந்த வரி நீங்கியது; ரயில் பாதைகள் கடற்கரையூர்களை லண்டனுக்கு அருகில் கொண்டுவந்தன. இந்த இரண்டும் கூடிய வேளையில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை நூலாசிரியர் தோன்றினார். லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1853இல் திறக்கப்பெற்ற மீன் மண்டபத்துக்குப் பிராணிகளைச் சேகரித்து அனுப்பியவர் அவர். மறு வருஷம் வெளியிட்ட நூலின் வாயிலாக 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு வழங்கச் செய்தவரும் அவரே. அவருடைய நூல்கள் கிளப்பிய மோகத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் உளியும் சுத்தியும் கூடையுமாகக் கடற்கரைக்குச் சென்று, பாறைகளைப் பெயர்த்துக்கொண்டு திரும்பினார்கள். பாறையோடு புழுக்களும் கூடங்களில் வந்து இறங்கின. வந்தது எது என்று அறியாத இல்லறத்தாருக்காக, 1855, 1856 ஆகிய ஆண்டுகளில் காஸ் இரண்டு பாகங்களாகக் கடற்பிராணிக் கையேடு ஒன்றை எழுதி, சுமார் எழுநூறு உருவங்களைத் தம் கையால் வரைந்து சேர்த்தார். பண்டிதர்களின் லத்தீனில் பூட்டிக்கிடந்த அடையாளங் காணும் கலை, சாமானிய வாசகனின் மேசைக்கு வந்தது அப்பொழுதுதான். அதே காலத்தில் சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார் எழுதிய கடற்கரை நூலில், கல்லடியில் கறுப்பு நாடாச் சுருளாகக் கிடந்து, மெல்ல இரை விழுங்கும் நீண்ட புழு ஒன்றின் வர்ணனை வாசகர்களை அருவருப்பிலும் வியப்பிலும் ஒருசேர ஆழ்த்தியது.

அந்த மோகம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் நிலைக்கவில்லை. தொட்டியில் அளவுக்கு மிஞ்சிப் பிராணிகளைத் திணித்தார்கள். ஒன்று செத்து நாறியது, அதைத் தொடர்ந்து மற்றவை செத்தன. கடற்கரைப் பாறைக் குளங்கள் சூறையாடப்பட்டு வெறிச்சோடியதைத் தம் தந்தையின் வாழ்வைச் சொல்லும் 1907ஆம் ஆண்டு நூலில் காஸின் மகன் எட்மண்ட் துயரத்தோடு நினைவுகூர்ந்தார்.

மோகம் சீமையில் தணிந்த பிற்பாடு, ஆராய்ச்சி நம் கரைக்கு வந்தது. 1902இல் முத்துப் பார்களைச் சோதிக்க இலங்கைக்கு வந்த ஹெர்ட்மன், ஹார்னல் ஆகியோர் மன்னார் வளைகுடாவில் திரட்டிய மயிர்ப்புழுக்களை ஆர்தர் வில்லி என்ற அறிஞர் 1905இல் விவரித்தார். முத்துச் சிப்பியின் ஓட்டைத் துளைத்துக் குடியேறும் ஒரு புழுவுக்கு, ஹார்னலின் பெயராலேயே 'பாலிடோரா ஹார்னெல்லி' என்ற நாமகரணம் அப்பொழுது நடந்தது. முத்துக்குப் பிரசித்தி பெற்ற சிப்பியின் வீட்டிலும் அழையாத அதிதி ஒருவன் இருந்தான். சென்னையில் 1909இல் கடற்கரைச் சாலையில் மீன்காட்சிசாலை ஒன்று திறக்கப்பெற்றது. இந்தியாவில் அதுவே முதலாவது. அதை நிறுவியது சென்னை அரசாங்கக் காட்சிசாலை. ஜனங்கள் மிருகக்காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும், பாடம் செய்த உடல்கள் நிறைந்த காட்சிசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும் வழங்கிவந்த அந்நாளில், செத்த காலேஜே உயிருள்ள கடலைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்ட முன்வந்தது ஒரு விநோதந்தான். அதே காட்சிசாலையின் சேகரத்தில் இருந்த கடற்புழுக்களைப் பிரெஞ்சு அறிஞர் பியர் ஃபோவெல் ஆராய்ந்து 1930இல் ஓர் அறிக்கை அளித்தார். இந்தியக் கடல்களின் மயிர்ப்புழுக்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1953இல் வெளிவந்தது. எண்பத்தேழு வயதை எட்டிய ஒருவர் கடற்புழுக்களின் மயிரை எண்ணி எழுதி முடித்த அந்த நூல், பொறுமைக்கு ஓர் உதாரணம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வீட்டுத் தொட்டிக் கலை மறுபடி தழைத்தபோது, அது ஆசாரக் கலையாக மாறியிருந்தது. வெளுக்கவைத்த பவள எலும்புகள், கழுவிய சரளைக்கல், அதன் அடியில் வடிகட்டும் தட்டு, வியாதி வந்தால் தாமிர மருந்து, இவையே அந்நாளைய சம்பிரதாயம். மீனுக்கு மருந்தான தாமிரம் புழுவுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சு. ஆகவே மீன் ஒன்றைத் தவிர வேறு உயிரில்லாத வெண்மையான தொட்டியே சுத்தமான தொட்டி என்று கருதப்பட்டது. இந்த ஆசாரத்தை உடைத்தவர் ஐரோப்பியரும் அல்லர், அமெரிக்கரும் அல்லர். ஜகார்த்தா நகரத்து லீ சின் எங். கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்களைத் தொட்டியில் அடுக்கி, மெல்லிய காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டு, இயற்கையே நீரைச் சுத்தம் செய்துகொள்ளும் என்று தம் முறையை 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் அவர் எழுதினார். எழுபது, எண்பதுகளில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் உயிர்க்கல்லோடு வலிய விளக்கையும் நுரைபிரிக்கும் கருவியையும் சேர்த்து, கற்பவளங்களைத் தொட்டியில் வளர்த்துக் காட்டினார்கள். உலகமெங்கும் உயிர்க்கல் கப்பலேறியது. அதன் பொந்துகளில் அமர்ந்து, கடவுச்சீட்டு இல்லாமல் புழுக்களும் சமுத்திரங்களைத் தாண்டின.

அன்று தொட்டு 'இது யார்?' என்ற கேள்வி மீண்டும் வீட்டுக் கேள்வி ஆயிற்று. அனுபவசாலிகள் அதற்கு விடைகாணும் முறையைச் சற்று நின்று பார்க்கலாம். முதலில், அது தன் இடத்தை விட்டு அலைகிறதா, ஒரே இடத்தில் குடியிருக்கிறதா என்று கவனிப்பார்கள். கல்லின்மேல் மயிரிழைபோல் வெள்ளை நூல்கள் நாலா பக்கமும் நீண்டு, தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டால், அது மணலில் கிடக்கும் துகளைப் பொறுக்கித் தின்னும் சாது. விசிறிபோல விரிந்து நிழல் பட்டதும் மறைவது நீரை வடிகட்டி உண்பது. அவ்வினத்தில் சில சுண்ணாம்புக் குழாய் கட்டி, வாயிலுக்குக் கதவும் வைத்துக்கொள்கின்றன. கண்ணாடியில் மிளகினும் சிறிய வெண்சுருள்களாக ஒட்டுவனவும் அவற்றின் உறவினமே. குழாய்க்குள்ளிருந்து சிலந்தியைப்போலச் சளி வலையை வீசுகிறதென்றால், அது புழுவே அன்று. புழு வேஷம் போட்ட நத்தை. அலைகின்றவற்றில் இருமருங்கும் மயிர்க்கற்றை உடையது பெரும்பாலும் சாதாரண மயிர்ப்புழு. செத்ததையும் மிஞ்சியதையும் தின்னும் துப்புரவுத் தொழிலாளி. செத்துக்கொண்டிருந்த மீனின்மேல் அதைக் கண்டவர்கள் அதுவே கொன்றது என்று பழி சுமத்துவதுண்டு. பிணத்தருகே காக்கையைக் கண்டு காக்கையைக் கொலைகாரன் என்பதைப் போன்றது அந்த நியாயம். அதை வெறுங்கையால் தொட்டால் மயிர்கள் ஒடிந்து தோலில் ஏறி எரியும்; ஒட்டுத்தாளை ஒற்றி அவற்றை எடுப்பார்கள். வெட்டிப் போடலாம் என்று நினைத்தாலோ, துண்டுகள் தனித்தனிப் புழுக்களாக வளர்ந்துவிடும். டாலியல் தட்டைப்புழுவில் கண்ட பாடம் இங்கேயும் செல்லும்.

உண்மையில் அஞ்சத்தக்கவர்களும் உண்டு. தலையில் ஐந்து உணர்கொம்புகளும் வானவில் மினுக்கும் உடலும் கத்தரிபோன்ற தாடையும் கொண்ட யூனிஸ் இனத்தைக் கண்டால் விழிப்பாக இருக்க வேண்டும். பிரிட்டனில் நியூக்கீ என்ற கடற்கரையூரின் மீன்காட்சிசாலையில் பவளங்கள் துண்டாடப்பட்டும் மீன்கள் காணாமற்போயும் வந்தன. 2009இல் பாறைகளை ஒவ்வொன்றாக அகற்றிப் பார்த்தபோது நான்கடி நீளமான அத்தகைய புழு ஒன்று வெளிப்பட்டது. ஊழியர்கள் அதற்கு 'பாரி' என்று பெயரிட்டு, தனித்தொட்டி கொடுத்து வைத்தார்கள். அதே ஆண்டில் ஜப்பானின் சேட்டோ துறைமுகத்தில் மிதவை ஒன்றின் உள்ளே கண்டெடுத்த யூனிஸ் புழுவோ 299 சென்டிமீட்டர் நீளமும், 673 வளையங்களும், 433 கிராம் எடையும் உடையதாக இருந்தது. மிதவைக்குள் அவ்வளவு பெரிய உடல் நுழைந்திருக்க முடியாது. சிறியதாகப் புகுந்து, ஒருவரும் அறியாமல் அங்கேயே வளர்ந்திருக்க வேண்டும். தொட்டிக்குள் நடப்பதும் அதுவே.

அழையாது வந்தவர்களால் சாஸ்திரத்துக்குக் கிடைத்த லாபத்தையும் சொல்லாமல் விடுவது நன்றியன்று. 1883இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து உப்புநீர்த் தொட்டியில், கண்ணாடியோடு ஒட்டி ஊர்ந்த ஒரு மில்லிமீட்டர் அளவுத் தகடு ஒன்றை ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்ஸே கண்டார். 'டிரைக்கோபிளாக்ஸ்' என்று பெயர் பெற்ற அந்த ஜீவன், விலங்குலகில் தனக்கென ஒரு பெரும் பிரிவையே பெற்றது. நம் காலத்திலும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. மான்கொம்புபோலக் கிளைக்கும் அக்ரோபோரா பவளங்களின்மேல் வட்டவட்டமாகக் கடித்த தழும்புகளைக் கண்டு தொட்டிக்காரர்கள் பல ஆண்டுகள் கலங்கினார்கள். பவளத்தின் நிறத்தையே போர்த்துக்கொண்டு கண்ணுக்குத் தப்பும் ஒரு தட்டைப்புழுவே காரணம் என்று கண்டு, தொட்டிகளில் கிடைத்தவற்றைக்கொண்டு 2011இல் அதற்கு 'அமாகுசாபிளானா அக்ரோபோரே' என்று விஞ்ஞானிகள் பெயர் சூட்டினார்கள். அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி அதற்கும் பின்னரே கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், லிசர்ட் தீவருகே, அது இயற்கையில் இருப்பது 2012இல் வெளியிடப்பட்டது. கடலில் காண்பதற்கு முன்பே கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பிராணி அது.

இன்று காலம் மறுபடி மாறியிருக்கிறது. கடலிலிருந்து உயிர்க்கல்லைப் பெயர்ப்பதைப் பல தேசங்கள் கட்டுப்படுத்தியும் தடுத்தும் வருகின்றன. நம் நாட்டில் கற்பவளங்கள் 2001 முதல் வனஜீவிப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டியெடுத்துத் தூத்துக்குடித் தீவுகளை நாம் தேய்த்த கதையை நினைத்தால், இந்தத் தடை முன்னமே வந்திருக்கலாகாதா என்றே தோன்றும். ஆகவே மீன்தொட்டிக்காரர்களில் பலர் இன்று உயிரற்ற உலர்ந்த கல்லோடுதான் தொடங்குகிறார்கள். அதனால் பவளத்தைத் தின்னும் பகைவர் வருவது குறைந்தது. ஆனால் சில மாதங்களில் மணல் அழுக்கேறி, மிஞ்சிய தீனி தேங்கி நிற்கக் கண்டு, எந்த மயிர்ப்புழுவை முன்பு பொறி வைத்துப் பிடித்து எறிந்தார்களோ, அதையே துப்புரவுப் படை என்ற பெயரில் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

எனவே கண்ணாடிக்குள் பெயர் தெரியாத புழு ஒன்றைக் காணும் வாசகர்க்கு இச்சரித்திரம் சொல்வது சுருக்கமானது. இடுக்கியைக் கீழே வையுங்கள். அது அலைகிறதா, குடியிருக்கிறதா, தலையில் கொம்பு எத்தனை, எதைத் தின்கிறது என்று மூன்று இரவுகள் பார்த்து, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது, உங்கள் தொட்டியைக் கூலியின்றிப் பெருக்கிக்கொண்டிருக்கும் ஊழியன்தான்.